மவுண்டன் பைக் வாங்குமுன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதல் மவுண்டன் பைக் வாங்கப் போகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை. என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எத்தனை கியர், எத்தனை ஷாக் என்று எண்ணுவதைவிட, பிரேம் உடம்புக்குப் பொருந்துகிறதா, நாளைக்கு நல்ல பாகங்களை மாட்ட அதில் இடம் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் எனக்கு முக்கியம். மற்றவை எப்படியும் தேயும், மாற்றிக்கொள்ளலாம். பிரேமை மாற்றினால் அது வேறு சைக்கிள்.

சாதா சைக்கிளுக்கும் மவுண்டன் பைக்குக்கும் என்ன வித்தியாசம்?

பட்டன் பட்டனாக ரப்பர் துருத்திய அகல டயர், நீளமான நேர் ஹேண்டில்பார், வலுவான பிரேக், செங்குத்தான ஏற்றத்துக்கான தணிந்த கியர், அடி தாங்கும் பிரேம். இவைதான் அடிப்படை. சஸ்பென்ஷன் பிறகு வந்து சேர்ந்தது. 1970களில் கலிபோர்னியாவின் மாரின் கவுண்டியில் சில இளைஞர்கள், இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய, ஷ்வின் நிறுவனத்தின் கனத்த சைக்கிள்களை மலைப்பாதையில் இறக்கி விளையாடியதில் தொடங்கியது இந்தக் கதை. அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த ஜோ பிரீஸ் 1977இல் இதற்கென்றே ஒரு பிரேம் செய்தார். 1981இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் ஸ்டம்ப்ஜம்பர் என்ற மவுண்டன் பைக்கைக் கடைகளுக்குக் கொண்டுவந்தது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் இது பதக்கப் போட்டியாகிவிட்டது. இந்தக் கால ஓட்டத்தின் முதல் பாதியில் யாரிடமும் ஷாக் கிடையாது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் சில பதில்களுக்கு அது உதவும்.

நான் பெரும்பாலும் தார் ரோட்டில்தான் ஓட்டுவேன். வாங்கலாமா?

முழுக்க ரோடு என்றால் வேண்டாம். பட்டன் டயர் தாரில் உறுமிக்கொண்டே உங்கள் சக்தியைத் தின்னும். மிதிக்கும்போது முன் ஃபோர்க், அதாவது முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை, ஏறி இறங்கி இன்னும் கொஞ்சம் தின்னும். ரோடு சைக்கிளுக்கும் மவுண்டன் பைக்குக்கும் நடுவான ஹைபிரிட் சைக்கிள் அதே உழைப்புக்கு வேகமாகப் போகும். பாதி ரோடு, பாதி மண் பாதை என்றால் ஹார்டுடெயில், அதாவது முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள வண்டி, சரியாக இருக்கும். நடுவில் பட்டன்கள் நெருக்கமாகவும் தாழ்வாகவும், ஓரத்தில் மட்டும் உயரமாகவும் இருக்கும் டயராகப் பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். டயர் மாற்றினாலே பாதி வண்டி மாறிவிடும்.

பின்னாலும் ஷாக் இருந்தால் இன்னும் நல்லதுதானே?

நல்ல வண்டியில் நல்லதுதான். மலிவு வண்டியில் அதைவிட மோசமான தேர்வு கிடையாது. பின் சஸ்பென்ஷன் என்றால் ஒரு ஷாக் மட்டும் இல்லை. கூடவே அசையும் பின் சட்டம், மூட்டுகள், அவற்றுக்குள் பேரிங்குகள், எல்லாம் சேர்ந்து ஒன்றிரண்டு கிலோ கூடுதல் எடை. குறைந்த விலைக்குள் இத்தனையையும் அடக்க வேண்டுமென்றால் வேறெங்காவது கை வைத்தாக வேண்டும். பிரேக்கிலும், சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பிலும்தான் வைப்பார்கள். அந்த ஷாக்கும் பெரும்பாலும் வெறும் ஸ்பிரிங்தான். அழுத்தினால் போகும், விட்டால் எகிறும். நடுவில் அதைக் கட்டுப்படுத்த உள்ளே எண்ணெய் கிடையாது. ஏற்றத்தில் ஒவ்வொரு மிதிக்கும் வண்டி குந்திக் குந்தி எழும். ஓராண்டில் மூட்டுகள் தேய்ந்து பின் சக்கரம் பக்கவாட்டில் ஆட ஆரம்பிக்கும்.

அதே பணத்துக்கு ஹார்டுடெயில் வாங்கினால் ஒரு படி மேலான பிரேக்கும் டயரும் கிடைக்கும். முதல் வண்டிக்கு நான் எப்போதும் ஹார்டுடெயிலைத்தான் சொல்வேன். கல்லும் வேரும் நிறைந்த இறக்கங்களில் வாரம் தவறாமல் ஓட்டுகிறவர், செலவுக்கும் பராமரிப்புக்கும் தயாராக இருப்பவர் என்றால் ஃபுல் சஸ்பென்ஷன் அவருக்குத் தேவைதான். வேகமும் கூடும், உடம்பும் களைக்காது.

100, 120, 150 மில்லிமீட்டர் டிராவல் என்று போட்டிருக்கிறார்களே, எனக்கு எவ்வளவு வேண்டும்?

சஸ்பென்ஷன் அதிகபட்சம் எவ்வளவு அமுங்கும் என்பதுதான் டிராவல். 100 முதல் 120 வரை கிராஸ் கன்ட்ரி வண்டிகள். இவை ஏறுவதற்கும் தூரத்துக்கும் உகந்தவை. 120 முதல் 150 வரை டிரெயில், எல்லாவற்றுக்கும் பொதுவானது. அதற்கு மேல் 180 வரை எண்டூரோ. இறக்கத்துக்காகவே செய்தது, ஆனால் ஏறவும் முடியும். 200 என்றால் டவுன்ஹில். அதை மேலே கொண்டுபோக வாகனமோ லிஃப்டோ வேண்டும். எல்லைகள் ஒன்றோடொன்று கலந்தே இருக்கும், பெயரைப் பிடித்துக்கொண்டு மல்லுக்கு நிற்க வேண்டாம். ஓட்டும் பாதைக்குத் தேவையானதைவிட அதிக டிராவல் வாங்கினால், சமதளத்திலும் ஏற்றத்திலும் வீண் எடையைச் சுமப்பீர்கள்.

எண்ணைவிட நம்பகமான ஒரு தகவல் வண்டியோடு வரும் கையேட்டில் இருக்கும். எந்தப் பயன்பாட்டுக்காகச் செய்யப்பட்டது என்று பல நிறுவனங்கள் ஏஎஸ்டிஎம் என்ற தர அமைப்பின் வகைப்பாட்டின்படி குறிப்பிடுகின்றன. வகை 2 என்றால் மண்சாலை, 15 சென்டிமீட்டருக்குக் குறைவான துள்ளல். வகை 3 என்றால் கரடுமுரடான பாதை, 61 சென்டிமீட்டருக்குள் குதித்தல். வகை 4க்கு 122 சென்டிமீட்டர். சில மலிவு வண்டிகளில் கரடுமுரடான பாதையில் ஓட்டக் கூடாது என்று பிரேமிலேயே பொடி எழுத்தில் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். மேலே பெரிய எழுத்தில் மலைப்படம் போட்டிருக்கும்!

ஃபோர்க் நல்லதா என்று கடையிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது?

முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டில்பார் மேல் முழு எடையையும் போட்டு அழுத்துங்கள். பிறகு சட்டென்று விடுங்கள். நல்ல ஃபோர்க் ஒரே சீராக அமுங்கி, அடக்கமாக மேலே வரும். மட்டமானது பாதியில் சிக்கும், விட்டதும் மேலே போய் ‘டக்’ என்று முட்டும். ஓட்டும்போது ஒவ்வொரு கல்லுக்கும் அப்படித்தான் முட்டும், கை வழியாகத் தோள் வரை தெரியும்.

அடுத்து, மேலே தெரியும் பளபளப்பான குழாயின் விட்டம். 28 அல்லது 30 மில்லிமீட்டர் என்றால் ஆரம்ப நிலை. 32, 34 என்று போனால் வளையாமல் நிற்கும். மீண்டெழும் வேகத்தை மாற்ற கீழே சிறு திருகு இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் சிவப்பாக இருக்கும். அது இருந்தால் உள்ளே எண்ணெய்க் கட்டுப்பாடு உண்டு என்று அர்த்தம். ஸ்பிரிங்குக்குப் பதில் காற்று நிரப்பும் வகையாக இருந்தால் இன்னும் நல்லது. உங்கள் எடைக்கு ஏற்ப அழுத்தத்தை மாற்றிக்கொள்ளலாம், எடையும் குறைவு. சரியான காற்றழுத்தத்தைக் கண்டுபிடிப்பது எளிது. குழாயில் இருக்கும் ரப்பர் வளையத்தைக் கீழே தள்ளிவிட்டு, ஓட்டும் நிலையில் மெதுவாக ஏறி நின்று, ஆட்டாமல் இறங்குங்கள். வளையம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது? மொத்த டிராவலில் 15 முதல் 20 சதவீதம் இருக்க வேண்டும். 120 மில்லிமீட்டர் ஃபோர்க்கில் 18 முதல் 24 மில்லிமீட்டர். பின் ஷாக்குக்கு 25 முதல் 30 சதவீதம்.

இந்தத் தேர்வுகளில் எதிலும் தேறாத ஃபோர்க்தான் உங்கள் பட்ஜெட்டில் கிடைக்கிறதா? அப்படியானால் சஸ்பென்ஷனே இல்லாத வண்டியை, கொஞ்சம் அகல டயரோடு எடுத்துப் பாருங்கள். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை.

26, 27.5, 29: எந்தச் சக்கரம்?

பெரிய சக்கரம் கல்லையும் குழியையும் எளிதாகத் தாண்டும், எடுத்த வேகத்தைத் தக்கவைக்கும். சிறியது சட்டென்று திரும்பும், எடை குறைவு. எண்களைப் பார்த்தால் 27.5 சரியாக நடுவில் இருப்பதுபோலத் தோன்றும். அளந்தால் அப்படி இல்லை. டயர் உட்காரும் இடத்தில் ரிம்மின் விட்டம் முறையே 559, 584, 622 மில்லிமீட்டர். 27.5 என்பது 26க்குத்தான் நெருக்கம்.

இப்போது பெரியவர்களுக்கான நடுத்தர, உயர் ரக வண்டிகளில் 29தான் ஆட்சி செய்கிறது. உயரம் குறைந்தவர்களுக்கு எஸ், எக்ஸ்எஸ் சைஸ்களில் பல நிறுவனங்கள் 27.5 போடுகின்றன, அது சரியான முடிவுதான். முன்னால் 29, பின்னால் 27.5 என்று கலந்து வருபவையும் உண்டு. 26இல் நல்ல டயர்களும் ஃபோர்க்குகளும் அருகிவருகின்றன. புதிதாக வாங்குவதானால் தவிர்க்கலாம்.

21 கியர் வண்டியைவிட 12 கியர் வண்டிக்கு ஏன் அதிக விலை?

கடைக்காரர் சொல்லும் கியர் எண்ணிக்கை என்பது முன்னால் உள்ள பற்சக்கரங்களைப் பின்னால் உள்ளவற்றால் பெருக்கியது, அவ்வளவுதான். ஒரு சாதாரண 21 கியர் வண்டியை எடுத்துக்கொள்வோம். முன்னால் 42, 34, 24 பற்கள். பின்னால் 14 முதல் 28 வரை ஏழு. முன் 24இல் பின் 14ஐப் போட்டால் விகிதம் 1.71. முன் 34இல் பின் 20 போட்டால் 1.70. முன் 42இல் பின் 24 என்றால் 1.75. மூன்றும் காலுக்கு ஒன்றுதான். இப்படி 21இல் பாதி கிட்டத்தட்ட இரட்டைப் பிறவி. போதாக்குறைக்கு, செயின் குறுக்கே இழுபடும் சேர்க்கைகளைப் பயன்படுத்தவும் கூடாது.

முன்னால் 32 பற்கள் உள்ள ஒரே வட்டு, பின்னால் 10 முதல் 51 வரை பன்னிரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். மிகத் தணிந்த கியர் 0.63, மிக உயர்ந்தது 3.2. மேற்சொன்ன 21 கியர் வண்டிக்கு இவை 0.86, 3.0. ஏற்றத்திலும் சரி, வேகத்திலும் சரி, 12 கியர்தான் ஒரு படி அதிகம் போகிறது. செயினைப் பல் மாற்றும் கருவியான டீரெய்லர் முன்னால் இல்லை, அதன் கேபிள் இல்லை, இடது கை சும்மா இருக்கும். பின் டீரெய்லரிலும் செயினை இறுக்கிப் பிடிக்கும் கிளட்ச் வந்துவிட்டதால் குலுக்கலில் செயின் கழன்று விழுவது அரிது. பணம் பற்றவில்லை என்றால் முன்னால் ஒன்று, பின்னால் 8 அல்லது 9 என்பதும் நல்ல வண்டிதான். செயினும், பின் பற்சக்கர அடுக்கான கேசட்டும் மலிவு, சுலபத்தில் கிடைக்கும்.

டிஸ்க் பிரேக் கட்டாயமா?

கட்டாயம் என்றே சொல்வேன். மாரின் கவுண்டியில் ஓட்டியவர்கள் பின் ஹப்புக்குள் இருந்த மிதி பிரேக்கை நம்பி இறங்கினார்கள். அடிவாரம் வருவதற்குள் ஹப் சூட்டில் உள்ளே இருந்த கிரீஸ் புகையாகிப் போய்விடும். ஒவ்வொரு முறையும் பிரித்துப் புதுக் கிரீஸ் அடைக்க வேண்டியிருந்தது. ரிம் பிரேக்கில் அந்தச் சிக்கல் இல்லை, ஆனால் சேற்றிலும் மழையிலும் பிடிப்பு குறையும், ரிம்மும் தேயும்.

டிஸ்க்கில் இரண்டு வகை. கேபிள் இழுப்பது ஒன்று. வட்டைக் கவ்வும் பேட் தேயத் தேய நாமே திருகி நெருக்க வேண்டும், எங்கேயும் சரிசெய்யலாம். எண்ணெய் தள்ளும் ஹைட்ராலிக் இன்னொன்று. பேட் தேய்மானத்தைத் தானே ஈடுகட்டிக்கொள்ளும், ஒரு விரல் போதும். நீண்ட இறக்கத்தின் முடிவில் கை வலிக்காமல் இருக்கிறது என்றால் அதற்குக் காரணம் ஹைட்ராலிக்தான். விலைப் பட்டியலில் எதற்காகவாவது ஒரு படி ஏறலாமா என்று யோசித்தால், அது இதற்காக இருக்கட்டும். வட்டின் அளவு 160 மில்லிமீட்டர் சாதாரண பாதைக்குப் போதும். உடம்பு கனமானவர்களுக்கும் செங்குத்தான இறக்கத்துக்கும் முன்னால் 180 அல்லது 203.

புது பிரேக் முதல் நாள் சரியாகப் பிடிக்காது. மிதமான வேகத்தில் போய், முழுக்க நிற்காமல் மெதுவாக்குவதை இருபது முறை செய்யுங்கள். பேடின் பொருள் வட்டில் சீராகப் படிந்த பிறகுதான் உண்மையான பிடிப்பு வரும். வட்டில் எண்ணெய்க் கையை வைக்காதீர்கள். செயினுக்கு ஸ்பிரே அடிக்கும்போது பாழாகும் முதல் பொருள் பின் பேட்தான். சக்கரத்தைக் கழற்றியிருக்கும்போது லீவரை அழுத்திவிட்டால் பேட்கள் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் பிரித்தெடுப்பது தனி வேலை.

அலுமினியமா, ஸ்டீலா, கார்பனா?

முதல் வண்டிக்கு அலுமினியம். ஸ்டீல் கொஞ்சம் கனம், ஆனால் வெல்டிங் வைத்துச் சரிசெய்யலாம், அதன் மென்மையை விரும்புகிறவர்கள் உண்டு. கார்பன் லேசானது, விலை அதிகம், கூர்மையான கல் மோதலுக்குப் பிறகு கவனமாகப் பார்க்க வேண்டும். மட்டமான பாகங்கள் மாட்டிய கார்பன் பிரேமைவிட நல்ல பாகங்கள் மாட்டிய அலுமினியம் நன்றாக ஓடும்.

என் உயரத்துக்கு என்ன சைஸ்?

நிறுவனத்தின் அட்டவணையில் தொடங்குங்கள், ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். ஒரு நிறுவனத்தின் எம் இன்னொன்றின் எல் போல இருக்கும். ஒப்பிட வேண்டிய அளவு ரீச். பெடல் சுழலும் மையத்துக்கு நேர் மேலிருந்து ஹேண்டில்பார் பொருந்தும் குழாயின் உச்சி வரையான கிடைமட்ட தூரம் அது. கடையில் சீட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டு ‘சரியாக இருக்கிறது’ என்று சொல்பவர்கள்தான் அதிகம். கரடுமுரடான பாதையில் நீங்கள் உட்காரப் போவதில்லை. பெடல்களைக் கிடைமட்டமாக வைத்து, எழுந்து நின்று, முழங்கையையும் முட்டியையும் லேசாக மடக்கிப் பாருங்கள். முட்டி ஹேண்டில்பாரில் இடிக்கிறதா? நெஞ்சு நீட்டி எட்டிப் பிடிக்க வேண்டியிருக்கிறதா? முதலாவது என்றால் சின்னது, இரண்டாவது என்றால் பெரியது.

தரையில் கால் ஊன்றி நிற்கும்போது மேல் குழாய்க்கும் உங்களுக்கும் நடுவே குறைந்தது ஐந்து சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். சீட் உயரத்துக்குப் பழைய வழியே போதும். குதிகாலைப் பெடல் மேல் வைத்து மிகத் தாழ்ந்த நிலைக்குக் கொண்டுவந்தால் கால் நேராக வேண்டும். இரண்டு சைஸுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால், வளைந்து நெளிந்து விளையாடுபவர் சிறியதையும், வேகமும் நிலைத்தன்மையும் விரும்புபவர் பெரியதையும் எடுக்கலாம். வளரும் பிள்ளைக்கு ‘இரண்டு வருஷம் வரட்டும்’ என்று பெரிதாக வாங்குவது மட்டும் வேண்டாம். நிறுத்த முடியாத வண்டியில் பிள்ளை கற்றுக்கொள்வது பயத்தைத்தான்.

ஹெட் ஆங்கிள் 65 டிகிரி, 68 டிகிரி என்கிறார்களே?

முன் ஃபோர்க் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது அது. எண் குறையக் குறைய முன் சக்கரம் உங்களைவிட்டு முன்னே தள்ளி நிற்கும். இறக்கத்தில் குப்புற விழும் பயம் குறையும், ஆனால் மெதுவாகத் திரும்பும்போது முன் பக்கம் அங்குமிங்கும் அலையும். 1990களின் வண்டிகளில் 71 டிகிரி சாதாரணம். இன்றைய டிரெயில் வண்டிகளில் 65 அளவில் இருக்கும். கிராஸ் கன்ட்ரிக்கு 67, 68 போதும். ஒரே டிராவல் உள்ள இரண்டு வண்டிகள் வேறு வேறு குணத்தோடு ஓடுவதற்கு இதுதான் முக்கியக் காரணம். புதியவர்களைக் காப்பாற்றுவதில் சஸ்பென்ஷனைவிட இதற்குப் பங்கு அதிகம் என்பது என் கருத்து.

டயரில் எவ்வளவு காற்று வைக்க வேண்டும்?

பெரும்பாலோர் வைப்பதைவிடக் குறைவாக. டயர் ஓரத்தில் அச்சடித்திருக்கும் பெரிய எண் அதிகபட்ச வரம்பு, சிபாரிசு இல்லை. சுமார் 70 கிலோ எடையுள்ளவர் 2.3 அங்குல டயரில் டியூபோடு ஓட்டினால் 25 முதல் 30 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வைத்துத் தொடங்கலாம். முன்னால் பின்னாலைவிட இரண்டு குறைவு. கல்லில் மோதி ரிம் டியூபைக் கடித்து, அருகருகே இரண்டு ஓட்டை விழுந்தால் காற்று போதவில்லை என்று அர்த்தம்.

டியூப்லெஸ் ஆக்கினால் கடிபட டியூபே கிடையாது, அதனால் இன்னும் நாலைந்து பிஎஸ்ஐ குறைக்கலாம், பிடிப்பு நன்றாகக் கூடும். முள் குத்தினால் உள்ளே ஊற்றிய திரவம் அடைத்துவிடும். அந்தத் திரவம் சில மாதங்களில் காய்ந்துவிடும், அவ்வப்போது ஊற்ற வேண்டும். ரிம்மும் டயரும் டியூப்லெஸுக்கு ஏற்றவையா என்று வாங்கும்போதே கேட்டு வையுங்கள்.

பின்னாளில் மேம்படுத்தலாம் என்று இப்போது மலிவாக வாங்கலாமா?

பிரேம் இடம் கொடுத்தால் லாபம். கொடுக்காவிட்டால் பணம் கரைந்துபோகும். நான்கு இடங்களைப் பார்க்கச் சொல்வேன். முதலில் ஹேண்டில்பாருக்குக் கீழே உள்ள முன் குழாய். மேலே குறுகி, கீழே பருத்திருந்தால் இன்றைய ஃபோர்க்குகள் பொருந்தும். மேலும் கீழும் ஒரே அளவில் ஒல்லியாக இருந்தால் நல்ல ஃபோர்க் கிடைப்பது கஷ்டம். இரண்டாவது பின் ஆக்சில், அதாவது சக்கரத்தின் அச்சு. ஊடே செல்லும் 12 மில்லிமீட்டர் தடித்த ஆக்சில், 148 மில்லிமீட்டர் அகல ஹப் என்றால் நல்ல சக்கரங்கள் தாராளமாகக் கிடைக்கும். மூன்றாவது, பின் பற்சக்கரங்கள் கேசட்டா, திருகி மாட்டும் ஃப்ரீவீலா? ஃப்ரீவீல் வகையில் பேரிங் ஆக்சிலின் நுனியிலிருந்து தள்ளி உள்ளே இருப்பதால், குதித்து ஓட்டினால் ஆக்சில் வளையும். நான்காவது, டிராப்பர் சீட்போஸ்ட்டின் கேபிளை உள்ளே விட பிரேமில் துளை உண்டா? பட்டனைத் தட்டினால் சீட் இறங்கும் அந்த அமைப்பைப் பலர் ஆடம்பரம் என்று நினைக்கிறார்கள். செங்குத்தான இறக்கத்தில் ஒருமுறை பயன்படுத்தினால் கருத்து மாறிவிடும்.

பழைய வண்டி வாங்கினால்?

தாராளமாக, பகல் வெளிச்சத்தில் பார்த்து. வெல்டிங் ஓரங்களில், குறிப்பாக முன் குழாய்க்கு அருகிலும் பெடல் மையத்தைச் சுற்றியும், பெயின்டில் மயிரிழை போலக் கீறல் இருந்தால் வேண்டாம். ஃபோர்க் குழாயின் மேல் நகத்தை ஓட்டுங்கள். கீறலில் நகம் சிக்கினால் சீல் கிழிந்து எண்ணெய் கசியும். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள், ஹெட்செட், அதாவது ஹேண்டில்பாரைத் திருப்ப உதவும் முன் குழாய் பேரிங், ஆடினால் தெரியும். ஃபுல் சஸ்பென்ஷன் என்றால் சீட்டைப் பிடித்து மெதுவாகத் தூக்குங்கள். பின் சக்கரம் தரையைவிட்டு எழும்புமுன் ஒரு ‘கடக்’ வந்தால் மூட்டிலோ ஷாக் புஷ்ஷிலோ தேய்மானம். பெடல் மையத்தின் அடியில் சீரியல் எண் சுரண்டப்பட்டிருந்தால் பேரம் பேசாமல் கிளம்பிவிடுங்கள்.

மின்சார மவுண்டன் பைக்?

ஏற்றத்தில் மூச்சுவாங்காமல் இறக்கத்தை அதிக முறை அனுபவிக்கலாம். எடை 20 கிலோவைச் சுலபமாகத் தாண்டும், வேலி தாண்டத் தூக்கும்போது தெரியும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 250 வாட் மோட்டார், 25 கிலோமீட்டர் வேகத்தில் உதவி நின்றுவிட வேண்டும் என்பது விதி. நாட்டுக்கு நாடு, பாதைக்குப் பாதை அனுமதி மாறும். விசாரித்துவிட்டு வாங்குங்கள்.

வாங்கிய பிறகு எதைக் கவனிக்க வேண்டும்?

செயினைத்தான். ஒரு ஸ்கேல் போதும். புதுச் செயினில் ஒரு பின்னின் நடுவிலிருந்து, அந்தப் பின்னைச் சேர்க்காமல் எண்ணி, இருபத்து நான்காவது பின்னின் நடு வரை சரியாக 12 அங்குலம். 1/16 அங்குலம் நீண்டிருந்தால் செயினை மட்டும் மாற்றுங்கள். 1/8 அங்குலம் ஆகும்வரை விட்டால் கேசட்டின் பற்களையும் தின்றிருக்கும், இரண்டையும் மாற்ற வேண்டிவரும். சேற்றில் ஓட்டி வந்தால் அழுக்கைத் துடைத்துவிட்டுத்தான் எண்ணெய் விட வேண்டும். ஈரச் சேற்றின் மேல் எண்ணெய் ஊற்றுவது உப்புத்தாள் அரைத்துப் பூசுவதற்குச் சமம்.

காற்று ஃபோர்க்கின் கீழ்ப்பகுதியைக் கழற்றிச் சுத்தம் செய்து எண்ணெய் மாற்றுவதை, ஏறக்குறைய 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை செய்யச் சொல்வது வழக்கம். வாங்கும் நாளிலேயே அந்த வேலையைச் செய்துதர அருகில் ஆள் இருக்கிறாரா என்று கேட்டுவிடுங்கள்.